காற்று ஓயும் நேரம்

மயிலாப்பூரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கோதண்டபாணிக்கு வேலை. கல்யாண ஜோடிகளை விறைப்பாக உட்காரவைத்துப் படமெடுத்து அலுத்துப்போனவர், 1927-ல் ஞாயிறுதோறும் முதலாளியின் துருத்திக் காமிராவைக் கேட்டு வாங்கிக்கொண்டு அடையாற்றங்கரைத் தோப்புக்குப் போக ஆரம்பித்தார், சிலந்திகளைப் படமெடுக்க.

துருத்தியை முழுக்க இழுத்து, லென்ஸைச் சிலந்திக்கு ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோனால் அது காமிராவின் பின்பக்கக் கண்ணாடியில் கட்டைவிரல் அளவுக்குத் தெரியும். ஆனால் கண் தெளிந்தால் கால் மங்கும். இரண்டும் தெளிய வேண்டுமானால் லென்ஸின் துவாரத்தை மிளகளவுக்குச் சுருக்க வேண்டும். அப்புறம் வெளிச்சம் போதாமல் நாலைந்து விநாடி திறந்துவைக்க வேண்டும். அதற்குள் வலை ஆடிவிடும். விடியலில் போனால் கரைக்காற்று, மத்தியானம் போனால் கடல்காற்று. நான்கு மாதத்தில் படம் விழும் கண்ணாடித் தகடுகள் பதினேழு வீண்.

ஊரூர்க் குப்பத்திலிருந்து மீன்கூடையோடு அந்த வழியாகப் போகிற தேவானை ஒருநாள் நின்றுவிட்டாள்.

"இன்னா நைனா, பூச்சியாண்ட பேசிக்கினு கீற?"

"காத்து நிக்க மாட்டேங்குதுக்கா."

"நிக்குமே. கரைக்காத்து ஓஞ்சி கடல்காத்து வர்றதுக்குள்ள கொஞ்ச நேரம் கட்டுமரத்துப் பாய்கூட அசையாது. எங்க ஊட்டுக்காரு துடுப்பு போட்டே ஓஞ்சிடுவாரு. இன்னும் கொஞ்சம் குந்து."

அவளும் கூடையை இறக்கிவைத்தாள். பத்து மணி வாக்கில் புன்னை இலைகள் அசைவற்று நின்றன.

"இப்ப எடு."

கோதண்டபாணி மூச்சைப் பிடித்துக்கொண்டு லென்ஸ் மூடியைக் கழற்றினார். அன்று மாலை இருட்டறையில், சிலந்திக் காலின் ஒவ்வொரு மயிரும் தகட்டில் தனித்தனியாக எழுந்து வந்தது.

அடுத்த ஞாயிறு படத்தைக் காட்டினார். "இத்தினி கண்ணா இதுக்கு?" என்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "என்னையும் ஒண்ணு எடேன்" என்றாள்.

எடுத்தார். அசையக் கூடாது என்று சொல்லியும், குப்பத்தில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லிக்கொண்டே நின்றாள். அடுத்த வாரம் அவர் கொண்டுவந்த படத்தில் கூடையிலிருந்த மீனின் செதில்களை எண்ணலாம். முகம் மட்டும் கலைந்துபோயிருந்தது. வேறு எடுக்கிறேன் என்றதற்கு அவள் ஒப்பவில்லை. "மீன் நல்லா கீதே, போதும்" என்று வாங்கிக்கொண்டாள்.

சிலந்தி, தும்பி, வெட்டுக்கிளி என்று இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு கல்யாணம், தியாகராய நகரில் சொந்த ஸ்டூடியோ. ஞாயிறுகளிலும் வேலை. தோப்புப் பக்கம் போகவே முடியவில்லை. ஸ்டூடியோவில் வைத்திருந்த அந்தப் படங்களின் ஆல்பத்தைப் புரட்டும் வாடிக்கையாளர்கள் தும்பியையும் வெட்டுக்கிளியையும் கண்டு வியப்பார்கள். அவர் கை கடைசிப் பக்கத்தில், மீன்கூடைப் படத்தின் இன்னொரு பிரதியில்தான் நிற்கும்.

"இதுல முகமே தெரியலையே" என்றாள் மனைவி ஒருநாள்.

"பேசிக்கிட்டே இருந்தாங்க" என்று சொல்லிச் சிரித்தார் கோதண்டபாணி.