செத்த வீட்டில் முழங்கிய கெட்டிமேளம்

அக்காவின் கணவர் அளவெட்டியில் நாதஸ்வரம் வாசிக்கிறவர். நான் இணுவிலில் வீட்டிலிருந்தபடியே இணையத்தளங்கள் செய்து கொடுக்கிறவள். "இந்த ஆவணிக்கும் கலியாண வீடு வராட்டி, குழுவைக் கலைச்சுப்போட்டுக் கொழும்பிலை கடையொண்டிலை நிக்கப் போறன்" என்று அத்தான் ஒருநாள் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படி வாசிக்கிற மனிதர் கடையில் நிற்பதா? அன்றைக்கே அவருக்கு ஒரு தளம் செய்யத் தொடங்கினேன்.

செய்தது நான், கட்டளையெல்லாம் அவருடையது. மேலே பிள்ளையார். அதன்கீழ் குழுவில் எல்லாருடைய படமும் சால்வையோடு ஆளளவு பெரிதாக. தொலைபேசி எண் பக்கத்தின் அடியில். இவ்வளவும் போதாதென்று, "விரல் பட்டவுடனை கெட்டிமேளம் முழங்கவேணும் பிள்ளை" என்றார். நிறுத்துவதற்கு ஒரு பொத்தானாவது வைப்போம் என்றேன்.

"கெட்டிமேளத்தை இடையிலை நிப்பாட்டுறதோ?" என்று கண்ணை உருட்டினார்.

நல்ல தளம் எப்படி இருக்க வேண்டும் என்ற சரிபார்ப்புப் பட்டியல் என் கணினிக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைக் காட்டினேன். அத்தான் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

தளம் அவர் சொன்னபடியே இணையத்தில் ஏறியது. ஆடியும் பிறந்துவிட்டது. ஒருவரும் அழைக்கவில்லை. ஒரு பின்னேரம் நான் அக்கா வீட்டில் இருந்தபோது, குழுவின் தவில்காரர் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"பக்கத்து வளவிலை செத்த வீடு, போயிருந்தன். முன்னுக்கு இருந்த ஒராளின்ரை போனிலை திடீரெண்டு கெட்டிமேளம்! என்ரை அடி எனக்குத் தெரியாதே? மனிசன் அமத்துறார், அமத்துறார், நிக்குதில்லை. போனைச் சால்வைக்குள்ளை சுத்திக்கொண்டு வாசல் படலைக்கு ஓடினார். அழுதுகொண்டிருந்த பொம்பிளையளே அழுகையை விட்டிட்டுப் பார்த்தவை."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை. "உன்ரை பட்டியலை எடு பிள்ளை" என்றார்.

இதற்குத்தானே நான் காத்திருந்தேன்! அவரை இணுவிலுக்குக் கூட்டிவந்து என் கணினிக்கு முன்னால் இருத்தினேன். வந்தவர் தேடுவது முதலில் கண்ணில் படுகிறதா? இல்லை. தொலைபேசி எண்ணைத் தூக்கி மேலே வைத்தேன், தொட்டாலே அழைப்புப் போகிற மாதிரி. படங்கள் பாரமில்லாமல் இருக்கின்றனவா? ஐயோ, ஒவ்வொன்றும் மலை. எல்லாரும் சேர்ந்து நிற்கிற ஒரே படத்தைச் சிறிதாக்கிப் போட்டேன். கேட்காமல் சத்தம் வருகிறதா? அத்தான் தானாகவே, "அதை எடுத்துவிடு" என்றார். வாசிப்பைக் கேட்க ஒரு பொத்தான், நிறுத்த ஒன்று. ஒவ்வொன்றுக்கும் சரி போடும்போது மேசையில் ஓங்கித் தட்டினேன். அத்தானும் சேர்ந்து தட்டினார், அவர் தட்டினால் தாளமும் வந்துவிடும்.

பட்டியலின் கடைசிக் கேள்வி: பழைய போனிலும், சிக்னல் குறைந்த இடத்திலும் திறக்கிறதா? வெள்ளிக்கிழமை தொண்டைமானாற்றுக்குச் சந்நிதி முருகனைக் கும்பிடப் போனோம். வெளியே வந்து, அக்காவின் கண்ணாடி வெடித்த போனை வாங்கினேன். சிக்னல் ஒரு கோடுதான். தொட்டேன். முன்பெல்லாம் சுற்றிக்கொண்டே இருந்த அந்த வட்டம் வரவேயில்லை. சட்டென்று பக்கம் வந்து நின்றது! நான் போட்ட கூச்சலில் கற்பூரம் விற்கிறவர் திரும்பிப் பார்த்தார்.

"மெல்லக் கதையடி" என்று அக்கா கிள்ளினாள்.

வீடு திரும்பிச் சாப்பிட உட்கார்ந்தபோது அத்தானின் போன் அடித்தது. அவர் கையெல்லாம் கறியாக இருந்ததால் நான் ஒலிபெருக்கியில் போட்டேன். தெரியாத ஒரு குரல்.

"நாதஸ்வரக்காரரோ? அண்டைக்குச் செத்த வீட்டிலை உங்கடை மேளத்தோடை படலைக்கு ஓடினவன் நான்தான்."

அத்தானின் முகம் வெளிறிவிட்டது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ…"

"பொறுங்கோ. அண்டைக்கும் மேளகாரரைத்தான் தேடினனான். உங்கடை பக்கம் சுத்திச் சுத்தி நிண்டதே தவிர நம்பரைக் காட்டேல்லை. இண்டைக்குத் திறந்தவுடனை மேலை நிண்டது. ஆவணியிலை என்ரை மகளுக்குக் கலியாணம். அண்டைக்கு வாசிச்ச மாதிரியே வந்து வாசியுங்கோ. இந்தமுறை நான் ஓடமாட்டன்."

"ஓம்" என்றார் அத்தான். கறிக் கையாலேயே மேசையில் தாளம் தட்டத் தொடங்கினார்.