சீன ராசாவின் செத்தவீட்டில் என் உத்தியோகம்

நாள் முழுக்க நின்றபடியே சம்பளம் வாங்கும் சக பாவிகளே, அருங்காட்சியகக் காவலாளிக்கு வேலை இரண்டே இரண்டுதான்: ஒருவரையும் எதையும் தொடவிடக் கூடாது, எல்லோரையும் பார்த்துச் சிரிக்க வேண்டும். பழங்காலச் சீனப் பேரரசர் ஒருவரின் கல்லறையைச் சுற்றித் தோண்டியெடுத்த சாமான்களைப் பாரிசில் காட்சிக்கு வைத்தபோது, அந்தக் கூடம் என் தலையில் விழுந்தது. தற்காலிக வேலை. ஒழுங்காகச் செய்தால் நிரந்தரம் என்று பொறுப்பாளர் அம்மையார் சொல்லியிருந்தார்.

பாதிக் கதவு

முதல் நாள் வேலை முடிந்து புறநகர் லா கூர்னெவ்வில் இருக்கும் வீட்டுக்குப் போய், கல்லறைச் சாமான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மனைவி கதவைப் பாதியில் நிறுத்திவிட்டாள். அந்த மனிதர் செத்து இரண்டாயிரம் வருடமாகிறது என்று விளக்கிப் பார்த்தேன்.

"எத்தினை வருசமெண்டாலும் செத்தவீடு செத்தவீடுதான். ஒண்டிலையும் முட்டாமல் நேரா குளிக்கப் போங்கோ."

களிமண் வேலையாட்கள்

லா சப்பலில் சாப்பாட்டுக்கடை நடத்தும் அண்ணை ஒருவர் பார்க்க வந்தார். மறு உலகில் பேரரசருக்குப் பணிவிடை செய்யவென்று புதைத்த களிமண் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். மரத்தில் செய்த கைகள் மண்ணுக்குள் உக்கிப்போனதால் ஒருவருக்கும் கையில்லை. கடையில் ஆள் நிற்காமல் அல்லாடும் அண்ணை, கண்ணாடிக்கு முன்னால் பெருமூச்சு விட்டார்.

"கை இல்லாட்டிலும் பரவாயில்லைத் தம்பி. விசாப் பிரச்சினை இல்லை, வக்கான்ஸ் எண்டு லீவும் கேக்காயினம்."

வராத சொல்

வெளியேறுகிறவர்களுக்கு 'ஓ ருவார்' சொல்ல வேண்டும் என்பது சட்டம். மறுபடி சந்திப்போம் என்று அர்த்தம். எனக்கு நாக்கு எழும்பவில்லை. செத்தவீட்டில் யாராவது 'போயிட்டு வாங்கோ' என்று வழியனுப்புவார்களா? திரும்பி வருவதென்றால் இன்னொரு சாவுக்கல்லவா வர வேண்டும்! பேசாமல் தலையை மட்டும் ஆட்டினேன். மரியாதை தெரியாதவன் என்று முறைப்பாடு போய்விட்டது. பொறுப்பாளர் கூப்பிட்டார்.

"இன்னொரு முறைப்பாடு வந்தால், கண்காட்சியோடு உங்கள் வேலையும் முடிந்தது."

தூணருகே

அடுத்த நாள் பொறுப்பாளரே தூணருகில் நின்று என்னைக் கவனித்தார். முதலில் வெளியே வந்தவர் ஒரு வயதான சீன அம்மா. வாயைத் திறந்தேன். 'ஓ' வரைதான் வந்தது. வழக்கம்போலத் தலையை ஆட்டினேன். அந்த அம்மாவும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, விறுவிறென்று பொறுப்பாளரிடம் போனார். வேலை போய்விட்டது, வீட்டில் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கியபோது அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"எங்கள் வழக்கத்தில் சாவு வீட்டில் 'மறுபடி பார்ப்போம்' என்று சொல்வதில்லை, மற்றக் காவலாளிகளையும் இவரைப் போல வாயை மூடிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள்."

என் வேலை நிரந்தரமாகிவிட்டது. அடுத்து என்னை எகிப்திய மம்மிகளின் கூடத்தில் போட்டிருப்பதால், வீட்டில் குளியலும் நிரந்தரமாகிவிட்டது.