மட்கார்டைக் கழற்றிய வீடு

தண்ணீர் ஊற்றி விளையாடவில்லை. முதலில் அதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். நட்டநடு வீதியில் மிஸ்பாவும் சைக்கிள் கடை ஜபருல்லாவும் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி விளையாடினார்கள் என்று தல்ஹாவின் பெண்டாட்டி சொன்னாள். கோட்டைமேடு முழுக்க அதை நம்பிவிட்டது. அவள் மாடியில் துணி காயப்போட நின்றவள். கீழே இறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அன்றைக்கு அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நான். தண்ணீர் ஊற்றியது ஜபருல்லா, சைக்கிள் ஓட்டியது மிஸ்பா, ஓட்டி முடித்ததும் அவள் முதுகில் சேறு பட்டதா என்று பார்த்துச் சொன்னது நான். மூன்று பேரில் என் பெயரை மட்டும் ஏன் விட்டீர்கள்? கிழவியைச் சேர்த்தால் கதை ருசிக்காது, அதுதானே?

இப்போது அவள் வீட்டை விட்டுப் போனதும், கடைக்காரனோடு ஓடிவிட்டாள் என்கிறீர்கள். ஜபருல்லா இதோ அதே கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் அவர் பெண்டாட்டி டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருக்கிறாள். ஓடிப்போனவர் எப்படி இங்கே இருப்பார்? எனக்கு எழுத்துத் தெரியாது. கண் நன்றாகவே தெரியும்.

மிஸ்பா என் எதிர்வீட்டுப் பெண். வயது முப்பத்தாறு. கல்யாணமான மறு வருஷமே புருஷன் துபாய்க்குப் போய் அங்கே வேறு குடும்பம் கட்டிக்கொண்டான். இவள் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அண்ணன் சஹீர், அண்ணன் பெண்டாட்டி, அவர்கள் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் வடித்துக் கொட்டியவள் அவள்தான். கொரோனா இரண்டாம் தடவை வந்தபோது அம்மா ஆஸ்பத்திரியில் மவுத்தானார். பிளாஸ்டிக்கில் சுற்றியபடியே கொண்டுபோய் அடக்கினார்கள். ஒரு சொம்புத் தண்ணீர் அந்த உடம்பில் படவில்லை. மிஸ்பா அதை மறக்கவே இல்லை.

நம் ஆட்களில் இறந்த பெண்ணைப் பெண்கள்தான் குளிப்பாட்ட வேண்டும். அது தெரிந்த கை இப்போது குறைவு. தெரிந்தவர்களுக்கும் பயம். மிஸ்பா வயதானவர்கள் பின்னால் நடந்து நடந்து அந்த வேலையைக் கற்றுக்கொண்டாள். கரும்புக்கடையோ, குனியமுத்தூரோ, போத்தனூரோ, யார் வீட்டிலிருந்து போன் வந்தாலும் கிளம்பிவிடுவாள். உடம்பில் போர்த்தும் கஃபன் துணியைத் தானே அளந்து வெட்டி, மடித்து, பையில் வைத்துக் கொண்டுபோவாள். துக்க வீட்டில் ஒரு டீகூடக் குடிக்க மாட்டாள். ஆட்டோவுக்குக் காத்து நிற்க மாட்டாள். சஹீரின் மகன் பைக் வாங்கியதும் மூலையில் ஒதுக்கிப்போட்ட சைக்கிள் ஒன்று இருந்தது. அதில்தான் போவாள். தடித்த டயர் வைத்த சைக்கிள். மட்கார்டே கிடையாது, வைத்தால் அழகு கெட்டுவிடுமாம்.

போன ஐப்பசி மழையில் ஒரு வெள்ளிக்கிழமை குனியமுத்தூரில் ஒரு அம்மா மவுத்து. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று முடிவாகியிருந்தது. மிஸ்பா அவசரத்தில் பையை பிளாஸ்டிக் கவரில் போடாமல் கேரியரில் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே துணியை விரித்தால், வெள்ளையில் குறுக்கே ஒரு முழம் நீளத்துக்குக் கறுப்புப் புள்ளி. வழியில் உக்கடத்துச் சாக்கடையும் மழைத் தண்ணீரும் கலந்து கிடந்ததைப் பின் சக்கரம் வாரிப் பைமேல் அடித்திருந்தது. தொழுகை நேரம், கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. வேறு துணி வருவதற்குள் அடக்கம் சாயங்காலம் அஸர் தொழுகைக்குத் தள்ளிப்போய்விட்டது. இறந்தவரின் தங்கை எல்லோர் முன்னாலும் கேட்டாள்:

"எங்கக்காவுக்குப் போர்த்தறதுக்கு ரோட்டுச் சேத்தையா கொண்டாந்தே?"

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டதற்கு, தெருச் சேறு தவிர்க்க முடியாதது, மன்னிக்கப்பட்டது என்றுதான் சொன்னாராம். மிஸ்பா என்னிடம் வந்து சொன்னாள்: "அல்லா மன்னிச்சுருவானுங்க மாமி. அந்தத் துணியப் பாத்த புள்ளைங்க மனசுக்கு நான் என்ன சொல்றது?"

அதற்கப்புறம்தான் மட்கார்டு. அவள் பக்கத்திலும் ஒரு தப்பு உண்டு, மறைக்க மாட்டேன். முதலில் சீட்டுக்கு அடியில் மாட்டுகிற குட்டைப் பிளாஸ்டிக்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வேண்டாம் என்று ஜபருல்லா சொல்லியும் கேட்கவில்லை. மறு மழையில் இடுப்பிலிருந்து கழுத்துவரை முதுகில் ஒரே கோடு. அதைக் காட்டப் போனபோது துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

ஜபருல்லா சிரித்தார். "அது போட்டோ புடிக்கறப்ப வெச்சுக்கறதுங்க அம்மணி. மழைக்கு இல்லீங்க."

பரணிலிருந்து மூன்று ஜோடி இறக்கினார். ஒன்று டயர் அகலமே இருந்தது. இரண்டு பக்கமும் ஒரு விரல் வெளியே வராத மட்கார்டு எதற்கும் ஆகாது என்று தள்ளினார். இன்னொன்று நீளம் போதவில்லை. மூன்றாவது பழைய மாதிரி இரும்பு, அகலம், பின்னால் நன்றாகக் கீழே இறங்கி வருகிறது. ஆனால் அந்த சைக்கிளில் மட்கார்டைத் தாங்கும் கம்பியைப் பூட்ட ஓட்டையே இல்லை. சக்கரத்து ஆக்சில் நட்டைக் கழற்றி, கம்பியின் வளையத்தை அதில் கோத்து, திரும்ப முறுக்கினார். டயருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு விரல் போகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இல்லையென்றால் சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிடுமாம். முன்பக்கம் பிரேக் இடித்தது, தகட்டை வெட்டினார். கடைசியில் லாரி டியூபை நறுக்கி, தரைக்கு நாலு விரல் மேலே தொங்கும்படி இரண்டு மட்கார்டின் நுனியிலும் அடித்தார். மதியம் லுஹர் பாங்கு சொன்னபோது ஆரம்பித்தது, அஸர் பாங்குக்கு முடிந்தது. அத்தனை நேரம் அங்கே என்ன வேலை என்று கேட்டீர்களே, இதுதான் வேலை.

"வாயில சொன்னா நம்ப மாட்டனுங்கண்ணா. ஓட்டிப் பாத்துத்தான் எடுத்துட்டுப் போவேன்" என்றாள் மிஸ்பா. வெள்ளைத் துண்டு ஒன்றைப் புர்காவின் முதுகில் பின் குத்தச் சொன்னாள். நான்தான் குத்தினேன். இன்னொன்றைக் கேரியரில் கட்டினாள். கடை முன்னால் இருந்த பள்ளத்தில் ஜபருல்லா ஆறு பக்கெட் தண்ணீர் ஊற்றினார். அவள் அதில் வேகமாக ஓட்டினாள். கேரியர்த் துண்டில் மூன்று புள்ளி. ரப்பரை இன்னும் இறக்கிக் கட்டினார். மறுபடி தண்ணீர், மறுபடி ஓட்டம். ஒரு புள்ளி. கம்பியை வளைத்தார். மூன்றாம் தடவை இரண்டு துண்டும் சலவைக்குப் போய் வந்த மாதிரி இருந்தன. மிஸ்பா சிரித்தாள். ஆமாம், சிரித்தாள். அம்மா போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மாடியிலிருந்தவள் அதை மட்டும் சரியாகப் பார்த்திருக்கிறாள்.

பன்னிரண்டு நாள் அந்த மட்கார்டு ஓடியது. அதற்குள் மூன்று மய்யித்தைக் குளிப்பாட்டப் போய் வந்தாள், மூன்று நாளும் மழை. ஒரு துணியிலும் ஒரு புள்ளி இல்லை. பன்னிரண்டாம் நாள் பேச்சு சஹீர் காதுக்குப் போய்விட்டது. வந்தான், ஸ்பேனரை எடுத்தான். சைக்கிளைப் பூட்டி வைத்திருந்தால்கூட ஒரு அர்த்தம் இருந்திருக்கும். "அவன் கை பட்டது எதுவும் இந்த ஊட்டுல இருக்கக் கூடாது" என்று மட்கார்டு இரண்டையும் கழற்றி வீதியில் வீசினான். தங்கையிடம் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்டானா? கேட்கவில்லை. நான் போய் எதிரே நின்று நடந்ததைச் சொன்னேன். நீங்க பெரியவங்க, ஊட்டுக்குப் போங்க என்றான். அவன் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவள் நான். குனிந்து மட்கார்டைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். உள்பக்கம் பூராவும் கட்டிக் கட்டியாகச் சேறு. அத்தனையும் அவள் முதுகில் ஏறியிருக்க வேண்டியது.

இரண்டு நாள் கழித்து, விடிந்து வெயில் வராத காலை, நல்ல மழை. கரும்புக்கடையில் வாடகை வீட்டில் தனியாக இருந்த ஒரு அம்மா மவுத்து. சொந்தமென்று ஒரு பெண்பிள்ளை கிடையாது. மிஸ்பாவுக்குப் போன் வந்தது. உக்கடத்தில் முழங்கால் தண்ணீர், ஆட்டோக்காரர்கள் வர மாட்டேன் என்றார்கள். சைக்கிளை வெளியே இழுத்தாள். பின் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. சஹீர் மட்கார்டுக் கம்பியைக் கழற்ற ஆக்சில் நட்டை எடுத்தவன், திரும்ப முறுக்கவில்லை. அவள் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, பையை இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டாள்.

சஹீர் வாசலில் நின்றான். "போனீன்னா அப்படியே போயிரு. திரும்ப இந்தப் படி ஏறாத."

அவள் கத்தவில்லை. "அம்மாளத்தான் யாரும் குளிப்பாட்டல. நீயும் ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னுட்டண்ணா. இந்தம்மாளையும் அப்படி உடச் சொல்றியா?"

அவன் வழியை விடவில்லை. அவள் ஓரமாக ஒருக்களித்து இறங்கினாள். படியில் நின்று, போயிட்டு வாரேன் என்று சொல்லாமல், "போறேன்" என்று மட்டும் சொன்னாள்.

நான் என் வாசலிலிருந்து குடையை நீட்டினேன்.

"கொடை புடிச்சா ஒரு கை போயிருமுங்க மாமி" என்றாள். "அந்த மட்கார்ட மழையில உட்டுப்போடாதீங்க, துருப் புடிச்சுரும்."

ஒரு கையால் தலைமேல் பையையும், இன்னொரு கையால் புர்காவின் கரையையும் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் காலை மெல்ல மெல்ல வைத்து வீதி முனை திரும்பினாள். மாடியில் தல்ஹாவின் பெண்டாட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் அவள் கீழே இறங்கி வரவில்லை.