மாட்டுக்கு வெட்டிய பூ

முதல் கதிரின் மடலை அக்காதான் உரித்தாள். கம்பளைக்கு வெளியே, ஆற்றோரத்தில், அவள் குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கரில் இருவரும் நின்றிருந்தோம். மடல் பச்சையாக, தடிப்பாகத்தான் இருந்தது. உள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழெட்டு மணிகள். மற்ற இடமெல்லாம் வெள்ளைச் சக்கை.

"சின்னவ வாய் மாதிரியே இருக்கு" என்று சிரித்தாள். அவளுடைய மகளுக்கு ஆறு வயது, முன்பற்கள் விழுந்திருந்தன. அடுத்த கதிரும் அப்படியே. அதற்கு அவள் சிரிக்கவில்லை.

இந்த ஸ்வீட் கோர்ன் தேறினால் அக்கா குவைத்துக்குப் போக வேண்டியதில்லை என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம். விளைச்சலைக் கண்டியில் ஒரு ஹோட்டல் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. தேறாவிட்டால் இரண்டு வருடம் வீட்டுவேலை. பாஸ்போர்ட் ஏற்கெனவே ஏஜென்சிக்காரரிடம் இருந்தது.

விவசாய டிப்ளோமா படித்தவள் நான். நின்ற இடத்திலேயே காரணங்களை மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, தண்ணீர்: குறையவில்லை. இரண்டு, உரம்: போட்டாயிற்று. மூன்று, நடவு: காற்றில் மகரந்தம் பரவட்டும் என்று, வேலியோரம் ஒற்றை வரிசையாக வேண்டாம், பல வரிசைகளாக நடுங்கள் என்று சொன்னதே நான்தான். கதிர் நுனியில் தொங்கும் ஒவ்வொரு பட்டிழையும் ஒரு மணிக்குப் போகிறது. இழையில் மகரந்தம் விழாவிட்டால் அந்த மணி இல்லை.

நான்காவதை எண்ணுமுன் நிமிர்ந்து பார்த்தேன். செடிகளின் உச்சியில் மகரந்தம் உதிர்க்கும் ஆண்பூ இல்லை. அரிவாள் பட்ட நுனிகள்தான் இருந்தன.

"அக்கா, பூவெல்லாம் எப்ப வெட்டுனீங்க?"

"வெளிய வர வர வெட்டி மாட்டுக்குப் போட்டேன். ஆசையா தின்னுச்சு. நீதானே போன்ல சொன்ன, வெட்டலாம், கேடில்லன்னு?"

சொன்னேன். சோளத்தின் தலையை மாட்டுக்கு வெட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் கேட்டபோது நான் கண்டி பஸ்ஸில் நெரிசலில் நின்றிருந்தேன். பட்டிழை காய்ந்து பழுப்பான பிறகு வெட்டலாம் என்பதில் முதல் பாதியைச் சொல்லவில்லை.

ஓரத்தில் நாலு செடிகள் அரிவாளுக்குத் தப்பியிருந்தன. அவற்றின் அருகிலிருந்த கதிர்களை உரித்துப் பார்த்தேன். முக்கால்வாசி நிறைந்திருந்தன.

"என் பிழைதான் அக்கா" என்றேன்.

அவள் கையிலிருந்த கதிரை வரப்பில் போட்டாள். "சரி விடு. மாட்டுக்காவது வயிறு நெறஞ்சிச்சு."

அக்கா குவைத்துக்குப் புறப்படும் காலையில், சின்னவளைப் பற்றி அவள் சொன்னதையெல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டேன். பால், இருமலுக்குப் பாணி மருந்து, தலைக்கு எண்ணெய், பள்ளிக்கூட வேன். ஒவ்வொன்றுக்கும் "எப்ப?" என்று கேட்டேன்.

"போதும்டி, டிரைவர் கத்துறாரு" என்றாள். நான் இன்னும் பாதிகூட எழுதியிருக்கவில்லை.