ஓவியத்தில் உடைந்த பல்

நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்த அவளை எல்லோரும் ரைட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் "ரைட்!" என்று ஒரு குரல் கொடுத்தால் எதிரே வருகிற வண்டிக்காரனும் ஒரு கணம் தடுமாறுவான். சில்லறை இல்லை என்று பசப்புகிறவனை ஒரே முறைப்பில் பையைத் துழாவ வைப்பாள். சிரிப்பதுதான் அபூர்வம். சிரித்தால் பாதி உடைந்த முன்பல் தெரிந்துவிடும்.

அந்தப் பல்லை உடைத்தவன் அவள் புருஷனாக இருந்தவன். சாமி படம் வரைகிற ஓவியன். குளியலறையில் வழுக்கி விழுந்தாள், தான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று சாதித்துவிட்டான். இவள் உண்மையைச் சொன்னபோது கூடப்பிறந்த அக்காவே, "சாமிய வரையிற கை அடிக்குமாடி?" என்று கேட்டாள். அதோடு இவள் வாயை மூடிக்கொண்டாள். கறுவுவதை மட்டும் விடவில்லை. பிரிந்து வந்து எத்தனையோ வருஷமாகியும், அவன் பெயர் காதில் விழுந்தால் அன்று சோறு இறங்காது.

அப்போதுதான் அந்தக் கண்காட்சி வந்தது. பல நாடுகளில் பூட்டிக் கிடந்த பழைய தெய்வ ஓவியங்களை ஒன்றாகக் கொண்டுவந்திருந்தார்கள். நகரமே அருங்காட்சியக வாசலில் வரிசை கட்டி நின்றது. உள்ளூர் ஓவியர்களுக்கும் கடைசிக் கூடத்தில் ஒரு சுவரை ஒதுக்கியிருந்தார்கள். பார்த்துவிட்டுத் திரும்பிய ஒருவன் டிக்கெட் வாங்கிக்கொண்டே இளித்தான்.

"ரைட்டக்கா, உங்கள நரகத்துல பார்த்தேனே! தேவதூதர் உங்க கழுத்துல கால வச்சிட்டு நிக்கிறாரு."

பேருந்தே சிரித்தது. அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. வேலை முடிந்ததும் யூனிபார்மோடு கடைக்குப் போனாள். ஒரு டப்பா கறுப்புப் பெயின்ட் வாங்கி டிக்கெட் பைக்குள் திணித்துக்கொண்டாள். அருங்காட்சியகக் காவலாளி அவள் வண்டியில் தினமும் வருகிறவர். "நீங்க போங்கக்கா" என்றார். பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

கடைசிக் கூடத்தில் அவன் வரைந்த ஓவியம் தொங்கியது. தேவதூதன் காலடியில் கிடந்த பேய் சாட்சாத் அவளேதான். மூக்கு, மோவாய் மச்சம், எதையும் விடவில்லை படுபாவி. மேலே நின்ற தேவதூதனுக்குத் தன் மூஞ்சியையே வைத்திருந்தான். அவள் கை பைக்குள் போனது. அப்போதுதான் பல்லைப் பார்த்தாள். தேவதூதனின் ஓங்கிய முஷ்டியில் அவனுடைய பட்டை மோதிரம். பேயின் முன்பல் குறுக்கே உடைந்து, சில்லு கீழுதட்டில் ரத்தத்தோடு ஒட்டியிருந்தது. அன்றைக்கு அது அப்படியேதான் ஒட்டியிருந்தது. சாமிக்குக்கூடத் தெரிந்தவர் முகத்தைத்தான் வைப்பான்; கண்ணால் பார்க்காத எதையும் அவனுக்கு வரைய வராது.

இதை அழித்தால் தனக்கிருக்கிற ஒரே சாட்சியும் போய்விடும். டப்பாவைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு ஓவியத்தின் பக்கத்தில் போய் நின்றாள்.

"முன்னாடி வாங்க! நகர்ந்து முன்னாடி வாங்க!"

அந்தக் குரலுக்குக் கூடம் மொத்தமும் நகர்ந்து வந்தது.

"இந்தப் பல்லையும் பாருங்க, என் பல்லையும் பாருங்க. நான் வழுக்கி விழுந்தப்ப எம்புருஷன் ஊர்லயே இல்லையாம். ஊர்லயே இல்லாத மனுஷன் சில்லு ஒட்டுன எடத்தக்கூட எவ்வளவு கச்சிதமா வரைஞ்சிருக்கார் பாருங்க!"

சொல்லிவிட்டு வாயை நன்றாகத் திறந்து சிரித்துக் காட்டினாள்.

சத்தம் கேட்டு ஓவியன் ஓடிவந்தான். பின்னாலேயே அவனுடைய புது மனைவி. "எல்லாம் கற்பனைங்க! இவளுக்குப் பைத்தியம்" என்றான். ஜனம் முகத்தைப் பார்க்கவில்லை, படத்தில் இருந்த அதே மோதிரம் கிடந்த அவன் விரலைப் பார்த்தது. அவன் சட்டென்று மோதிரக் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டான். "கைய வெளிய எடுங்க சார், பார்ப்போம்" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. அவன் எடுக்கவில்லை. புது மனைவி தன்னையறியாமல் தன் கன்னத்தைத் தடவினாள். ரைட்டக்கா அதைக் கவனித்தாள். பரிதாபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது சந்தோஷம்.

மறுநாள் காலை, ஓவியன் வீட்டுத் தெருமுனை ஸ்டாப்பில் அந்தப் பெண் ஒரு பெட்டியோடு ஏறினாள்.

"அம்மா வீட்டுக்குப் போறேன் அக்கா. கடைசி ஸ்டாப் ஒண்ணு."

ரைட்டக்கா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். பெட்டியை வாங்கித் தன் இருக்கைக்கு அடியில் தள்ளினாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அந்தத் தெருவைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து ஒரு "ரைட்!" கொடுத்தாள்.