ஒரு திருத்தத்துக்கு ஒரு மார்க்

மேடத்துக்குத் தொண்டை கட்டி ஒரு வாரமாகிறது. பல்கலைக்கழகக் கணினித் துறையில், வருடா வருடம் நீட்டித் தருகிற தற்காலிக விரிவுரையாளர் வேலை. சும்மா இருந்திருக்கலாம். இருந்தால்தானே! பிள்ளைகள் நாலு பேரோடு சேர்ந்து நிரல் எழுதிப் பழக வேண்டாமா என்று மல்லுக்கட்டி ஒரு புது வகுப்பை வாங்கினார். சின்ன நூலகங்கள் புத்தகம் இரவல் கொடுக்கப் பயன்படுத்தும் இலவச மென்பொருள் ஒன்று இருந்தது. யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து பார்த்துத் திருத்தம் அனுப்பலாம்; அதைக் கவனித்துக்கொள்கிறவர் படித்துப் பார்த்து, சரியென்றால் ஏற்றுக்கொள்வார். மாணவர்களுக்கு அதில்தான் வேலை. “ஒரு பருவம் பார்ப்போம், சரிவரலைன்னா நிறுத்திடலாம்” என்றிருந்தார் துறைத்தலைவர்.

பிள்ளைகள் அசைவதாக இல்லை. கத்திக் கத்தி அலுத்துப்போன மேடம், “ஏத்துக்கிற ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு மார்க்” என்று சொல்லித் தொலைத்தார். அவ்வளவுதான். உதவிக் குறிப்பில் ஒருவன் ஒரு கால்புள்ளியைச் சேர்த்தான், இன்னொருத்தி அதையே எடுத்தாள். ஒரே வரியைப் பங்கு போட்டு நாலு பேர் அனுப்பினார்கள். அடடா, என்ன ஒற்றுமை!

“சேர்ந்து வேலை செய்யுங்கன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?” என்றான் கடைசி பெஞ்சு வாயாடி.

அந்த மென்பொருளைச் சம்பளமில்லாமல் கட்டிக் காக்கிற மனிதர் ஒருநாள் போனில் கூப்பிட்டார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் மேடம் எடுத்தார். அவர் திட்டவில்லை.

“வர்ற எல்லாத்தையும் நான் ஒருத்தன்தான் மேடம் படிக்கணும். ஆபீஸ் விட்டு வந்து, குழந்தையைத் தூங்க வச்சுட்டு உட்கார்றேன். முடியலைங்க. மூடிடலாம்னு இருக்கேன்.”

அந்தக் குரலின் களைப்பு மேடத்துக்கு அத்துப்படி. தன் அலுப்பைக் கொண்டுபோய் முகம் தெரியாத ஒருவர் தலையில் கட்டிவிட்டோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

“மூடிடாதீங்க சார். கொஞ்சம் பொறுங்க.”

மறுநாள் வகுப்பில் மார்க் பேச்சை ரத்து செய்தார். “இனிமே புதுசா ஒண்ணும் அனுப்பக் கூடாது. குவிச்சு வச்சிருக்கிறதை ஒருத்தருதை ஒருத்தர் படிங்க. குப்பைன்னா நீங்களே திரும்ப எடுங்க.”

முணுமுணுத்தார்கள். வாயாடி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு தன் கால்புள்ளிகளைத் திரும்ப எடுத்தான். அடுத்தவர் எழுதியதைப் படிக்கையில்தான் அவர்களுக்குள் முதல் உருப்படியான சண்டை வந்தது. படித்து முடித்தபோது உருப்படியான திருத்தம் எதுவும் மிஞ்சவில்லை.

பருவ முடிவில் துறைத்தலைவர் கேட்டார். “எத்தனை ஏத்துக்கிட்டாங்க?”

“ஒண்ணுமில்ல சார். எல்லாத்தையும் திரும்ப எடுத்துட்டோம்.”

“பூஜ்யமா? இதை எப்படிம்மா மேல காட்டுறது?”

வகுப்பு அதோடு போயிற்று. அடுத்த வருட வேலை நீட்டிப்புக்கும் “பார்க்கலாம்” என்றுதான் சொன்னார்.

வீட்டில் அக்கா சாப்பாட்டைப் போட்டபடி, “உனக்கு எதுக்குடி இந்த வேண்டாத வேலை? யாருக்கு என்ன பிரயோஜனம்?” என்றாள்.  மேடம் அன்று காலை அந்த மென்பொருள்காரரிடமிருந்து வந்த செய்தியைத் திறந்து போனை நீட்டினார்.

“மூடலை மேடம். படிக்க வேண்டிய திருத்த வரிசை காலி. நேத்து குழந்தையோடயே நானும் தூங்கிட்டேன்.”

அக்கா படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“சரி, அவரு தூங்கிட்டாரு. நீ எப்படி தூங்குறது?”