கேட்காமல் வாசிக்க வேண்டிய இடம்

நான் வயோலா வாசிப்பவன். வயலினைவிடச் சற்றுப் பெரிது, குரலும் கொஞ்சம் கட்டை. பார்ப்பவர்கள் எல்லோரும் அதை வயலின் என்றே சொல்வார்கள். திருத்தித் திருத்தி வாய் வலித்து விட்டுவிட்டேன். எட்டுப் பேர் கொண்ட எங்கள் குழுவில் நான் காய்ச்சலில் படுத்த நாளில்கூட, நிகழ்ச்சி நிறைவாக இருந்ததாகப் பாராட்டு வந்திருக்கிறது.

என் மனைவியின் அண்ணன் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். ஒருமுறை எங்கள் கச்சேரிக்கு வந்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு மாப்ள. அதுல உன் சத்தம் எது?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒருமுறையாவது மச்சான் காதில் விழுந்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் எங்கள் பியானோக்காரி புதிதாக ஒரு கான்செர்ட்டோ எழுதினாள். ஏழு பேர் பின்னால் வாசிக்க, வயோலா மட்டும் முன்னால் நிற்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சட்டை தைத்தேன், மச்சானுக்கு முன்வரிசையில் இடம் பிடித்தேன். அதற்குப் பிறகுதான் கடைசிப் பக்கத்தை ஒழுங்காகப் படித்தேன். அங்கே ஏழு பேரும் ஒவ்வொருவராக நிறுத்திவிடுவார்கள். நான் மட்டும் வில் தந்தியில் படாமல், காற்றிலேயே வாசித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"ஒரே ஒரு சுரமாவது கேக்கட்டுமேம்மா," என்று கெஞ்சினேன்.

"கேக்காம இருக்கிறதுதாண்ணா அந்த இடமே," என்றாள்.

மேடையில் முக்கால்வாசி நன்றாகத்தான் போனது. ஆனால் டிரம்பெட்காரர் ஊதிய ஊதலில் மச்சானுக்கு என்ன கேட்டிருக்கும் என்று எனக்கு ஒரே கவலை. கடைசிப் பகுதி வந்தது. அரங்கமே அடங்கிவிட்டது. மச்சான் கண்கொட்டாமல் பார்க்கிறார். இப்போது ஒரு சுரம் விட்டால் அது என்னுடையதுதான், யாரும் பங்குக்கு வர முடியாது. சபலம் யாரை விட்டது? வில்லை லேசாக அழுத்தினேன். திருட்டுத்தனமாக அழுத்தினால் சுரமா வரும்? கர்ரென்று ஓர் இழுப்புதான் வந்தது.

முடிந்ததும் மச்சான் மேடைக்குப் பின்னால் நடைவழிக்கே வந்துவிட்டார்.

"மனசே ஆறல மாப்ள. எல்லாரும் நிறுத்தினப்புறம் நீ மட்டும் வாசிச்ச பாரு, நான் மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டுட்டு இருந்தேன். அந்த நேரம் பாத்து எவனோ நாற்காலிய இழுத்துத் தொலைச்சுட்டான்." பக்கத்தில் நின்ற பியானோக்காரியிடம், "யாருன்னு பாத்தீங்களாம்மா?" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "பாத்தேன். தெரிஞ்சவருதான்."

"சும்மா விடாதீங்க. நறுக்குனு நாலு வார்த்த கேளுங்க."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மச்சான் என் பக்கம் திரும்பினார். "அந்த இடத்த மட்டும் இன்னொரு தடவ வாசி மாப்ள. முழுசா கேக்கணும்."

பெட்டியைத் திறந்து வயோலாவை எடுத்தேன். இந்த முறை வில் தந்தியில் படவே இல்லை. மச்சான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.